தெல்தெனியவில் ஒரு பிரதி

எங்கள் லயக் காம்பராவில் பூட்டுப் போட்டு வைத்திருந்த பொருள் ஒன்றே ஒன்று: தாத்தாவின் தகரப் பெட்டி. நகையோ பணமோ அதில் இருந்ததில்லை. மூன்று பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு கல்யாணப் பதிவு, இத்தனை வருடம் இந்தத் தோட்டத்தில் பேர் போட்டார் என்று வருகைப் பதிவேடான செக்றோலைப் பார்த்துத் தோட்டத்து ஆபீசில் எழுதிக் கொடுத்த கடிதங்கள், 1951-ல் அனுப்பிய பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் தட்டச்சுப் பிரதி. ஹுன்னஸ்கிரிய பஜாரிலிருந்து மேலே ஏறிப் போகும் தோட்டம் எங்களுடையது. கார்த்திகை, மார்கழி மழையில் சுவர் வியர்க்கும். தகரக் கூரையின் ஆணி ஓட்டைகளில் நீர் சொட்டும். மழைக்காலம் வந்தால் தாத்தா பெட்டியை அடுப்புக்கு மேலே இருந்த பரணில் ஏற்றிவிடுவார்.

அதே காகிதங்களின் இன்னொரு கட்டு தெல்தெனியவில் இருந்தது. ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்வித்து, சமாதான நீதவான் ஒருவரிடம் கையொப்பம் வாங்கி, அங்கே கடை வைத்திருந்த உறவுக்காரரிடம் தாத்தா கொடுத்து வைத்திருந்தார். ஆண்டுக்கு இரண்டு முறை, சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறிப் போவார். கட்டை அவிழ்ப்பார். ஒவ்வொரு தாளாக விரித்துப் பார்ப்பார். மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருவார். எட்டு வயதில் ஒரு தடவை நானும் கூடப் போனேன்.

"இருக்கத்தானே இருக்கு தாத்தா, ஏன் அவுக்கிறீங்க?"

"அவுத்துப் பாத்தாத்தான் இருக்குன்னு அர்த்தம் புள்ள."

இருபது வருடங்களாக நான் செய்வது சேர்வர் வேலை. கண்டியில் இந்தத் தொழில் எப்படி வந்து எப்படி மாறியது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பேக்கப் என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் அந்தப் பெட்டிதான் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவர்களிடமும் தகப்பன் பிறந்த இடத்துக்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே புதைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் அத்தாட்சிக்கு என்ன இருக்கும்? அடுத்த வருடம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946-க்கு முந்தைய காலத்தில் கல்யாணமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் இடையறாமல் இங்கே வாழ்ந்ததைக் காட்டச் சொன்னது. 1951 ஆகஸ்ட் 5 கடைசித் தேதி. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களின் பெயர்கள். உரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. தாத்தாவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம், செக்றோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் வேறொரு பெயர். தோட்டத்து ஆபீசில் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று விசாரணைக்கு வந்த அதிகாரிக்குப் புரியவைக்க ஒருவரும் இல்லை.

பிறகு 1957 டிசம்பர் மழை வந்தது. நாடு முழுக்க வெள்ளம். எங்கள் லயத்தில் மூன்று காம்பராக்களின் கூரை போயிற்று. பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, காகிதம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி மாவாகிவிட்டது. தாத்தா அழுததைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்று பெரியம்மா சொல்வார். தெல்தெனியக் கட்டு மட்டும் மிஞ்சியது. 1964 அக்டோபரில் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது, பிரஜாவுரிமை இல்லாத 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை இலட்சத்தைப் பத்து வருடம் கழித்துப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். தாத்தா இலங்கைக்கு எழுதினார். இந்த முறை இரண்டு பெயரும் ஒருவருடையவைதான் என்று ஒரு சத்தியக் கடதாசியையும் சேர்த்துக் கட்டினார். எழுபதுகளின் நடுவில் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. மிஞ்சியிருந்தவர்களுக்கு அது கிடைக்க 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வரை போயிற்று. நான் கண்டியில் முதல் வேலைக்குப் போனது அதற்கு அடுத்த வருடம்.

2004-ல் அந்த நிறுவனத்தின் சேர்வர் அறை, மாடிப்படிக்குக் கீழே ஏசி வைத்து அடைத்த ஒரு சிறு அறை. ஆறு இயந்திரங்கள். கணக்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று. ஒரு வேலைக்கு ஒரு பெட்டி என்பதுதான் அன்றைய முறை. ஒன்று படுத்தால் மற்றது தாங்காது. சம்பள இயந்திரம் மாதத்தில் இருபத்தைந்து நாள் சும்மா மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். மீதி ஐந்து நாள் மூச்சு வாங்கும். ஒரு மதர்போர்டு போனால் கொழும்பிலிருந்து வரும்வரை கைகட்டி உட்கார வேண்டும்.

ஒரு பெட்டிக்குள் பல இயந்திரங்களை ஓட்டும் எண்ணம் அப்போதே பழையது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஐபிஎம் ஆய்வு மையம் ஒன்று 1967-லேயே சிபி-40 என்ற ஏற்பாட்டில் ஒரே கணினியைப் பதினான்கு கணினிகளாகக் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம். உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் முழு இயந்திரமும் தனக்கே சொந்தம் என்று நினைத்து ஓடும். 1972-ல் அதன் வழிவந்த விஎம்/370-ஐ வெளியிட்டார்கள். சாதாரண அலுவலகங்கள் வாங்கக்கூடிய இன்டெல் இயந்திரங்களுக்கு அந்த வித்தை வர 1998-ல் விஎம்வேர் நிறுவனம் தோன்ற வேண்டியிருந்தது. அவர்களுடைய ஈஎஸ்எக்ஸ் சேர்வர் 2001-ல் வந்தது. எங்கள் மாடிப்படி அறைக்கு அது வந்தபோது 2009 ஆகியிருந்தது. ஆறு பெட்டிகளும் இரண்டாயின. மெய்நிகர் இயந்திரம் என்று பாடப்புத்தகத்தில் எழுதுவார்கள். நாங்கள் விஎம் என்போம். ஓர் இயந்திரம் முழுவதும் சில கோப்புகளாக மாறி என் கைக்கு வந்த அந்த நாளை மறக்க முடியாது. கோப்பு என்றால் பிரதி எடுக்கலாம். பிரதி எடுக்கலாம் என்றால் இன்னொரு ஊரில் வைக்கலாம். அன்று இரவு அம்மாவுக்கு போன் பண்ணி இதைத்தான் சொன்னேன். தாத்தா அதற்கு நான்கு வருடத்துக்கு முன்பே போய்விட்டார்.

வேறோர் இடத்தில் பத்திரப்படுத்தும் எண்ணம் எங்கள் பக்கத்து மலைக்குப் புதிதல்ல. ஹுன்னஸ்கிரியவுக்குச் சற்று முன்னால் வரும் மெதமஹநுவர, கண்டி அரசர்களின் ஒதுங்கிடம். தலைநகரை எதிரி பிடித்தால் குடும்பத்தையும் செல்வத்தையும் கொண்டுவந்து இந்தக் காட்டில் வைத்துக்கொண்டு, அவன் திரும்பும்வரை காத்திருப்பார்கள். போர்த்துக்கேயரிடமும் ஒல்லாந்தரிடமும் அது பலித்தது. 1815 பெப்ரவரி 18-ல் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் அதே பகுதியில்தான் பிடிபட்டார். ஒதுங்கிடம் எதுவென்று எதிரிக்கும் தெரிந்திருந்தது. இதை நான் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் சொல்வேன். அசலை எட்டுகிற கை பிரதியையும் எட்டக்கூடாது.

2022-ன் பொருளாதார நெருக்கடிக்கு வருகிறேன். அந்த வருடம் மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. யூபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கும். ஜெனரேட்டருக்கு டீசல் கிடையாது. மின்சாரம் போவதற்கு இருபது நிமிடம் முன்பே விஎம்களை ஒவ்வொன்றாக உறங்க வைப்போம். முதலில் பயனர் தொடும் செயலிகள், பிறகு தரவுத்தளம், கடைசியில் சேமிப்பகம். வந்ததும் தலைகீழாக எழுப்புவோம். வரிசை தவறினால் தரவுத்தளம் காயப்படும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையையும் நேரத்தையும் கையால் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். கணினி அணைந்திருக்கும்போது கணினியிலுள்ள குறிப்பை எப்படி வாசிப்பது?

டொலர் இருநூறு ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. உரிமக் கட்டணத்தை டொலரில் கட்டிய எந்த நிறுவனமும் அந்த வருடம் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் திறந்த மூலத் தளத்துக்கு மாறினோம். லினக்ஸ் கருவுக்குள்ளேயே 2007-ல் சேர்க்கப்பட்ட கேவிஎம், அதன் மேல் 2008-லிருந்து வியன்னாவில் உருவாகிவரும் புரொக்ஸ்மொக்ஸ். உலகத்தில் பலர் இந்த வழிக்கு வந்தது அடுத்த வருடம் நவம்பரில் பிரோட்கொம் விஎம்வேரை வாங்கி, நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திய பிறகு. பஞ்சம் எங்களை ஒரு வருடம் முந்திக்கொண்டு தள்ளிவிட்டது.

மாறுவது என்றால் கோப்பைத் தூக்கி அங்கே வைப்பது என்று மேலாளர்கள் நினைத்தார்கள். லினக்ஸ் விஎம்கள் அப்படித்தான் போயின, அதிகம் முணுமுணுக்கவில்லை. சம்பள இயந்திரம் மட்டும் பழைய விண்டோஸ் 2008 ஆர்2. அதிலுள்ள நிரலை எழுதியவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். புதிய தளத்தில் அதை ஏற்றி எழுப்பினேன். விண்டோஸ் சின்னம் வந்தது, நீலத் திரை வந்தது, மீண்டும் அணைந்து எழுந்தது. 7பி என்று முடியும் பிழை எண். சம்பளத்துக்கு நான்கு நாள் இருந்தது.

அன்று ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்த அம்மா, இரவு பதினொன்றுக்குப் பிளேன்டீ போட்டுக்கொண்டு வந்து, "என்னா புள்ள ஆச்சு?" என்றார்.

"டிரைவர் இல்லம்மா."

"மெசினுக்கும் டிரைவரா?"

ஆமாம் என்று விளக்கினேன். வட்டிலிருந்து தரவை எடுக்க வேண்டுமென்றால் வட்டைக் கட்டுப்படுத்தும் கருவியோடு விண்டோஸ் பேச வேண்டும். அந்தப் பேச்சைத் தெரிந்த சிறு நிரல்தான் டிரைவர். பழைய தளம் அந்த விஎம்முக்கு ஒரு வகைக் கருவியைக் காட்டியது. புதிய தளம் வேர்ட்டையோ என்ற வேறொரு வகையைக் காட்டுகிறது. வேகமானது, மெய்நிகர் உலகத்துக்கென்றே செய்தது. ஆனால் 2009-ல் வெளிவந்த விண்டோஸுக்கு அதைப் பற்றித் தெரியாது. தன் வட்டில்தான் தன் சகலமும் இருக்கிறது. அந்த வட்டைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை. டிரைவரை உள்ளே போடலாம் என்றால் விண்டோஸ் எழும்ப வேண்டும். எழும்ப டிரைவர் வேண்டும்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தாத்தா பேரு மாதிரி" என்றார். நான் அதை அதுவரை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. காகிதம் இருந்தது. ஆளும் இருந்தார். இந்தக் காகிதம் இந்த ஆளுடையதுதான் என்று சொல்லத் தெரிந்த ஒன்று நடுவில் இல்லாமல் போய், இருபது வருடம் ஒரு குடும்பம் நாடில்லாமல் இருந்தது.

வழி எளிதானது, தெரிந்துகொண்ட பிறகு. முதலில் அந்த வட்டை சாட்டா என்று மாற்றிக் காட்ட வேண்டும். பழைய விண்டோஸுக்கு அது தெரிந்த மொழி, மெதுவாக எழும்பும். இரண்டாவதாக, ஒரு ஜிகாபைட் அளவில் ஒன்றுக்கும் உதவாத வெற்று வட்டு ஒன்றை வேர்ட்டையோவாகச் சேர்க்க வேண்டும். புதிய கருவி ஒன்றைக் கண்டதும் விண்டோஸ் டிரைவர் கேட்கும். கொடுக்க வேண்டும். அது பதிந்ததும் அணைத்து, வெற்று வட்டைக் கழற்றி, உண்மையான வட்டை வேர்ட்டையோவுக்கு மாற்றி எழுப்பினால் எழும்பிவிடும். எனக்கு இடையில் ஒரு தடங்கல்: இணையத்தில் கிடைத்த புதிய டிரைவர் தொகுப்பில் 2008 ஆர்2-வுக்கான டிரைவரையே எடுத்துவிட்டிருந்தார்கள். பழைய தொகுப்பைத் தேடி இறக்க விடியற்காலம் ஆயிற்று. பிறகு வலையமைப்பு. பழைய நெட்வொர்க் அட்டை போய்விட்டது, ஆனால் அதன் முகவரியைப் பிடித்துக்கொண்டு அது மறைவில் இருந்தது. மறைந்த கருவிகளைக் காட்டச் சொல்லி, அதை நீக்கி, முகவரியைப் புதியதற்குக் கொடுத்தேன். காலை ஆறரைக்குச் சம்பள நிரலின் சாம்பல் நிற முகப்பு திரையில் வந்தது. அம்மா தூங்காமல் பக்கத்தில் இருந்தார்.

அன்றிலிருந்து பேக்கப் வட்டில் விஎம்மோடு, அதை எழுப்பிய டிரைவர் தொகுப்பையும் சேர்த்து வைக்கிறேன்.

டிரைவர் பிழை உடனே தெரிந்துவிடும். நீலத் திரை காட்டும். பேக்கப் பிழை அப்படியல்ல. அது பச்சை நிறத்தில் வெற்றி என்று எழுதிக்கொண்டே இருக்கும். நான் வேலை பார்த்த இன்னோர் இடத்தில் நடந்ததை இங்கே எழுதியாக வேண்டும். அங்கே ஒரு விஎம்முக்கு இரண்டு வட்டுகள். ஒன்றில் இயங்குதளம், மற்றதில் தரவு. இரண்டாவது வட்டைச் சேர்த்த நாளில், பேக்கப்பில் சேர்க்க வேண்டுமா என்ற சிறு கட்டத்தில் குறி இல்லாமல் விட்டிருந்தார்கள். ஏழு மாதம் ஒவ்வோர் இரவும் பேக்கப் ஓடியது. ஒவ்வொரு காலையும் வெற்றி என்று மின்னஞ்சல் வந்தது. அந்த மின்னஞ்சலை நானும்தான் பார்த்தேன். பேக்கப்பின் அளவு ஏன் இவ்வளவு சிறியது என்று கேட்கவில்லை. சேமிப்பகம் பழுதான அன்று மீட்டு எழுப்பினோம். விண்டோஸ் அழகாக வந்தது. தரவு வட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

எங்களைக் காப்பாற்றியவர் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அக்கா. மாத முடிவில் கணக்கு முடிந்ததும் தரவுத்தளத்தின் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் போட்டு, கைப்பையில் வீட்டுக்குக் கொண்டுபோவது அவருடைய பழக்கம். ஒருவரும் சொல்லிச் செய்ததில்லை. அனுமதியும் இல்லை. பதினேழு நாள் வேலை மட்டும் போயிற்று. அதைக் கைப்பிரதிப் பற்றுச்சீட்டுகளைப் பார்த்து மறுபடி தட்டினோம். இரவெல்லாம் தட்டிய அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஸ்னாப்ஷாட்டைப் பேக்கப் என்று நம்பிக் கெட்டவர்களும் உண்டு. ஸ்னாப்ஷாட் என்பது இந்த நொடிக்குப் பிறகு நடப்பதைத் தனியே எழுதிக்கொண்டு வருவது. மாற்றம் செய்யப் போகுமுன் ஒன்று எடுத்து, சரியாக வந்ததும் அன்றே நீக்கிவிட வேண்டும். அது மூல வட்டின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கிறது. மூலம் போனால் கூடவே போகும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

2023-ல் இந்தப் பேச்சு நாட்டின் தலைப்புச் செய்தியாயிற்று. லங்கா அரசாங்க மேகக்கணியை, ஆகஸ்ட் 26 அளவில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல் தாக்கியது. அரச அலுவலகங்களின் ஏறத்தாழ ஐயாயிரம் மின்னஞ்சல் கணக்குகள். அமைப்பைப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17-லிருந்து ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. இணையத்தோடு இணைந்திருந்த பேக்கப்பையும் நச்சுநிரல் பூட்டிவிட்டது. அந்தக் காலத்துக்குத் தனியே கழற்றி வைத்த பிரதி இல்லை. மின்னஞ்சல் மென்பொருளோ பத்து வருடப் பழைய பதிப்பு. புதுப்பிக்கப் பணம் ஒதுக்குவது தள்ளிக்கொண்டே போயிருந்தது. பணக்கார நாடுகளுக்கும் இது நேர்கிறது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜொன் நகரில் அரச தரவு மையத்தில் தீப்பிடித்தபோது, அரச ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பகம் எரிந்துபோனது. அளவு பெரியது என்பதால் அதற்கு வெளிப் பிரதியே எடுத்திருக்கவில்லை.

நம் அரச மின்னஞ்சல்கள் போன செய்தியை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காணாமல் போன அந்த மின்னஞ்சல்களில் யாரோ ஒருவர் பிறப்புப் பதிவைத் திருத்தக் கேட்டு எழுதிய கடிதம் இருந்திருக்கும். காணி உறுதிக்கு அனுப்பிய கடிதம் இருந்திருக்கும். அனுப்பியவரிடம் இன்னொரு பிரதி இருந்ததா? தோட்டத்து ஆட்களுக்கு அரசாங்கத்தின் பதிவேட்டில் ஒரு வரி காணாமல் போவது என்ன செய்யும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பழைய தெல்தெனிய இப்போது இல்லை. 1985-ல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர்த்தேக்கத்துக்குள் பழைய டவுன் போயிற்று. தண்ணீர் ஏறுமுன்னே அந்த உறவுக்காரர் கடையை மேட்டிலுள்ள புதிய டவுனுக்கு மாற்றினார். சாமான் ஏற்றிய லொறியில் தாத்தாவின் கட்டை ஏற்ற விடவில்லை என்று சொல்வார். அதை மட்டும் தன் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாராம். தாத்தா அடுத்த ஞாயிறே போய் அவிழ்த்துப் பார்த்தார். கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் மிச்சம் வெளியே தெரியும். கண்டியிலிருந்து ஊருக்குப் போகும்போது நான் ஜன்னல் பக்கம்தான் உட்காருவேன்.

இப்போது எங்கள் விஎம்களின் பிரதி மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று அதே அறையில், வேறு சேமிப்பகத்தில். ஒன்று கொழும்பில். மூன்றாவது, வாரத்துக்கு ஒரு முறை எழுதி, கேபிளைக் கழற்றி, இரும்பு அலுமாரியில் பூட்டி வைக்கும் வட்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை அலுமாரியைத் திறப்போம். ஏதாவது ஒரு விஎம்மைச் சீட்டு எடுத்துத் தேர்ந்து, யாரும் தொடாத தனி வலையமைப்பில் மீட்டு எழுப்புவோம். எழும்பினால் போதாது. உள்ளே போய், கணக்கைத் திறந்து, முந்தைய வியாழக்கிழமையின் கடைசிப் பதிவைத் தேடி, அதைக் காகிதப் பற்றுச்சீட்டோடு வைத்துப் பார்ப்போம்.

போன மாதம் சீட்டில் வந்தது சம்பள இயந்திரம். புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி பக்கத்தில் இருந்தாள்; ரங்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. மீட்பு ஓடி முடிய ஒரு மணி நாற்பது நிமிடம். "சக்ஸஸ்னு வந்திருச்சே அக்கா, மூடிறவா?" என்றாள். மூடாதே, உள்ளே போ என்றேன். முந்தைய மாதப் பட்டியலைத் திறந்தாள். மேலிருந்து கீழாக விரலை வைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினாள்.